சேமக்காலைப் பட்டிப்பூக்கள்

பட்டிப்பூவில், அதுதான் நித்தியகல்யாணியில், காட்டினம் எது, தோட்டத்தினம் எது என்று பிரிக்கத் தெரியாத ஆள் இல்லை நான். இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தானாக முளைப்பது இளஞ்சிவப்பு. இதழ்கள் ஒடுங்கி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். செடி நெடுநெடுவென்று போகும். கடையில் விற்கும் தோட்டத்தினம் குட்டை. இதழ்கள் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இரண்டிலும் ஆடு வாய் வைக்காது. இவ்வளவையும் எத்தனையோ தரம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன்.

அம்மா செத்து மூன்று வருடமாகிறது. கரம்பொன்னில் அவரைப் புதைத்த சேமக்காலை வெறும் மணல் தரை. கல்லறை கட்டாதவர்களுக்கு ஒரு மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். உப்புக்காற்றும் கறையானும் சேர்ந்தால் மரம் எத்தனை நாளைக்கு நிற்கும்? அது போய்விடும் என்று தெரிந்துதான் யாழ்ப்பாணத்தில் நான்கு கன்றுகள் வாங்கிவந்து மேட்டில் நட்டேன். நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளைப் பட்டிப்பூ. சுற்றிவர எல்லாம் காட்டுப் பட்டிப்பூவாக இருக்க, இது மட்டும் தனியாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

நட்டதோடு சரி. காலையில் பஸ், பின்னேரம் வகுப்பு, வீட்டுக்கு வந்தால் திருத்தக் கிடக்கும் கொப்பிக் கட்டு. சேமக்காலை வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைதான். அந்தப் பதினைந்து நிமிடம் என்னிடம் இருக்கவில்லை. நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாளுக்கு மட்டும் மெழுகுதிரியோடு போவேன். அடுத்த வருடம் போனபோது சிலுவையைக் காணவில்லை. பக்கத்து மேட்டிலும் சிலுவை இல்லை. ஒரு மேட்டில் காட்டுப் பட்டிப்பூ புதராக மண்டியிருந்தது. மற்றதில் வெள்ளைப் பூ, அகன்ற இதழ், சிவப்புப் பொட்டு. அதன் முன்னால் உட்கார்ந்து, வருடம் முழுக்க அழ நேரமில்லாததை எல்லாம் சேர்த்து அழுதேன். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான்.

இந்த வருடம் கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்தா.

"நவம்பருக்கு முதல் அம்மாவுக்குக் கல்லறை கட்டிப்போடுவம். இடம் உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்" என்றேன். அப்படிக் கேட்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே கிடந்து எல்லாம் பார்த்தவள் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை மேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெள்ளைப் பூ மேட்டைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டினார். மண்வெட்டியை எடுக்கும்போது ஒரு பெண் தண்ணீர் வாளியோடு வந்தாள். கடற்தொழில் செய்கிற குடும்பம். புருஷனை அந்த வரிசையில்தான் புதைத்தது. முகம் தெரியும், அவ்வளவுதான்.

"என்ன செய்யிறியள், ரீச்சர்?"

"அம்மாவுக்குக் கல்லறை கட்டப்போறம்."

வாளியைக் கீழே வைத்தாள்.

"அது எங்கடை ஆள், ரீச்சர். அம்மா இஞ்சாலை" என்று காட்டுப்பூ மண்டிய மேட்டைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதழைப் பிடித்துக் காட்டி, இது தோட்டத்தினம், நான் வாங்கி நட்டது, அது காட்டினம் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். அவள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மாவிட்டை இருந்து ரெண்டு கண்டு கிளப்பி இவருக்கும் வைச்சனான். கேக்காமல் எடுத்தது பிழைதான். நான் தண்ணி கொண்டு வாறபடியால் இது பிடிச்சிட்டுது. அங்காலை நிண்டது கோடையிலை பட்டுப்போச்சு. மதிலிலை இருந்து இவர் ஆறாவது, அம்மா ஏழாவது. பூவைப் பாத்தே இடம் பிடிக்கிறது?"

மேசன் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார். அவள் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் வேறு ஒருவரின் தலைமாட்டில் அம்மாவின் பெயரை எழுதிவைத்திருப்பேன்.

"அப்ப ரெண்டு வரியமா நான் இதிலை இருந்து அழுததைக் கண்டனீர்தானே? ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது, ரீச்சர்? அப்பிடி அழுதுகொண்டிருந்தியள். எழும்புங்கோ எண்டு சொல்ல மனம் வரேல்லை. இவருக்குக் கொண்டுவந்த திரியை அம்மாவுக்குக் கொளுத்திப்போட்டு, அதிலை இருந்து செபம் சொல்லிப்போட்டுப் போனனான்."

நான் அம்மாவின் மேட்டருகே போய் இருந்தேன். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதோடு சொல்ல முடியாத களைப்பும். திரி கொளுத்தியபோது அம்மாவிடம் ஏதாவது சொன்னாளா என்று அவளைக் கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? மகள் வந்திருக்கிறா, பக்கத்திலைதான் இருக்கிறா எண்டு சொன்னனான்" என்றாள்.