மருந்தடிக்காத நாலு வரிசை

ஜெர்மனியில் ஆரஞ்சுப் பழம் வாங்கினால் வலைப்பையில் ஒரு சீட்டு தொங்கும்: தோல் உண்பதற்கு உகந்ததல்ல. இங்கே வந்து இருபது வருடம் கழித்தும் அதைப் படிக்காமல் என்னால் பழத்தை உரிக்க முடிவதில்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைக் கொடியிலிருந்து அறுத்து, மேலே படிந்த மருந்தின் நீலப் பூச்சை வேட்டியில் துடைத்துவிட்டு வாயில் போடுவோம். ஒருவரும் சீட்டு எழுதித் தொங்கவிட்டதில்லை. அந்தச் சீட்டை எழுதும் வேலைக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன். இங்கே பகுப்பாய்வு வேதியியல் பேராசிரியர். கூடவே, உணவுப்பொருளில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சிறு நிறுவனமும் நடத்துகிறேன்.

என் அக்காவின் கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. மலைக்கு மேலே, கேரளப் பக்கம் தோட்டமும் உண்டு. போன வருடம்தான் முதல்முறையாக இந்த நாட்டு இறக்குமதியாளர் ஒருவருக்குச் சரக்கு அனுப்ப ஏற்பாடானது. மாதிரி என் ஆய்வகத்தில் தேறினால்தான் மூட்டைகள் கப்பலேறும். சொந்தக்காரர் சரக்கு என்று இறக்குமதியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "கருவிக்கு உறவு தெரியாதே" என்று சிரித்தார். மாதிரி வந்தது. மருந்து இருந்தால் திரையில் எழும்ப வேண்டிய கோடு எங்குமே எழும்பவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை ஓட்டினோம். என் உதவியாளர் மார்ட்டினா கைகுலுக்கினாள். ஆனால் அந்த மலையில் இவ்வளவு சுத்தமான ஏலக்காய் விளையாது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், இது எந்த மூட்டைல எடுத்தது?"

"மூட்டைலயா? என்ன மாப்ள பேசுற. ஒன் கைக்கு வர்றத மூட்டைல அள்ளிக் குடுப்பேனா. காய் ஒலத்துற ஸ்டோருக்குப் பின்னால நாலு வரிசை மருந்தடிக்காம விட்ருக்கோம்ல, அதுல பறிச்சுக் காயவச்சது. வீட்டுக்கும் வீரபாண்டி கோயில் ஆத்தாளுக்கும் அங்கன உள்ளதுதான் போகும்."

குரலில் துளியும் கூச்சமில்லை. ஏமாற்றியிருந்தால்கூடத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அந்த மனிதர் பாசத்தில் செய்திருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் ஐந்து வரிசை விட்டிருக்கிறாராம். தின்னக்கூடாதது எது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ச்சீ என்றிருந்தது. முந்தைய விடுமுறையில் நானே அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் மருந்தடித்துக்கொண்டிருந்தார். காலி டப்பாவைப் புரட்டிப் பார்த்தேன். நான் வாழும் நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தது. இங்கே அந்த மருந்தைத் தெளிக்கத் தடை. செய்து கப்பலேற்றத் தடையில்லை. ஏலக்காயில் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அதே மருந்தின் மாதிரிக் குப்பியையும் இந்த நாட்டில்தான் வாங்குகிறேன். விற்பதும் இங்கே, வேண்டாமென்று திருப்பி அனுப்புவதும் இங்கே. நடுவில் உட்கார்ந்து பிழைப்பவன் நான். அன்றைக்குத் தோட்டத்தில் கொடுத்த டீயில் அந்த நாலு வரிசை ஏலக்காய்தான் போட்டிருந்தார்கள். நல்ல மணம் என்று பாராட்டிவிட்டு வந்தேன். வெளியே அவர் மருந்தடிக்க, எனக்கு மட்டும் நல்லதைப் போட்டுக் கொடுத்த அந்த டம்ளரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

மூட்டைக்கு ஒரு கை அள்ளி அனுப்பச் சொன்னேன். மனத்தாங்கலோடு அனுப்பினார். இந்த முறை கோடு மலை மலையாக எழுந்தது. அறிக்கையை எழுதும்போது மார்ட்டினா கேட்டாள்.

"உங்கள் அக்காவின் கணவர் மோசடிக்காரரா?"

"இல்லை. என்மேல் பிரியம் உள்ளவர்."

அவள் நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டாள். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூட்டைகள் போடியிலேயே நின்றுவிட்டன. அவை நம் ஊர்க் கடைகளில் விற்றுத் தீர்ந்திருக்கும் என்பதும், அதற்கு ஒரு சீட்டும் தொங்கியிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அக்கா பேசினாள். "அவுக கடைக்கே போகல. எம் மச்சினன் அங்கன பெரிய புரபசருன்னு பஜார் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. இப்ப மொகத்த எங்க வச்சுக்கிறதுங்கிறாக." போனை வைக்குமுன் கேட்டாள்: "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒனக்கு நல்லதத்தான அனுப்புனாக?"

"ஆமாக்கா."

"அப்ப அத நீயே வச்சுக்க."

அதன்பின் இன்றுவரை அக்கா போன் செய்யவில்லை.

சோதித்த பொருளில் மீதியை உறைபெட்டியில் வைத்திருந்து, தவணை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. இரண்டு பொட்டலங்களும் ஒரே தட்டில் கிடந்தன. எனக்கென்று வந்தது ஒன்று, ஊர் உலகத்துக்கென்று வந்தது ஒன்று. இரண்டிலும் என் கையெழுத்தில் போடி என்று எழுதியிருந்தது. தவணை நேற்று முடிந்தது. மூட்டையில் அள்ளியதைக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீ போட்டேன். நல்ல மணம்.