பூட்டன் படகு முதலாளி ஆன கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து என் தம்பி மகன் வம்ச வரலாறு எழுத ராமேஸ்வரம் வந்தான். அதற்கு அவன் ஒதுக்கிய நேரம் சாயங்கால ரயில் வரைதான். பாம்பனில் கருவாடு விற்கும், பழைய கதையெல்லாம் தெரிந்த பாத்திமா அக்காவிடம் கூட்டிப்போனேன்.

"ஒங்க பூட்டன் பஞ்சத்துல கமுதியிலருந்து நடந்தே வந்தாகளாம். எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, எங்க படகுலதான் கூலிக்கு வலை இழுத்தாகன்னு வாப்பா சொல்லுவாக" என்றார் அக்கா.

எனக்கும் அன்றுதான் தெரிந்தது. தம்பி மகன் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்த செல்போனை அணைத்தான்.

"இத விட்டுருவோம் அத்தை. பெருமையா ஒண்ணும் இல்லையா?"

"தம்பிக்குக் கருவாடு நாறுது போல" என்று அக்கா சிரித்தார்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசும் நான் வாய் திறந்தேன். "ஏலே, அந்தச் சோறு இல்லாட்டி நீ ஏது, ஒன் அமெரிக்கா ஏது?"

அவன் ரயிலுக்கு நேரமாச்சு என்றான்.

அப்புறம் அவன் அச்சடித்து அனுப்பிய வம்சாவளிப் படத்தில் பூட்டன் 'படகு முதலாளி'யாக இருக்கிறார். படித்தவன் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பூட்டன் பெயர் கருப்பனா, கருப்பையாவா என்று எனக்குச் சந்தேகம். பாம்பனில் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அவர் கூலிக்கு வலை இழுத்ததில் எனக்குச் சந்தேகமில்லை.