கூரையில் ஒரு தோசைக்கல்

என் கணவருக்கு இரண்டு வருடங்களாகக் காதில் இரைச்சல். பகலில் தெரியாது, படுத்தால்தான் ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் ஓயாமல் விசிலடிப்பது போல என்பார். பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ரேடியோவில் முகம் தெரியாத யாராவது மெல்லப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் தூங்கிவிடுவார். பாட்டு சரிப்படாது. தெரிந்த பாட்டென்றால் மனசு கூடவே பாட ஆரம்பித்துவிடுமாம்.

அதனால், டெக்சாஸின் ரவுண்ட் ராக்கிலிருந்து அலாஸ்கா போக, கட்டிலும் அடுப்பும் உள்ள ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு சாட்டிலைட் ரேடியோ. காட்டில் போன் சிக்னல் இருக்காது, இது வானத்திலிருந்து வருவது, கவலையே வேண்டாம் என்றார். ஆன்டெனாவை டாஷ்போர்டில் கண்ணாடியோரம் வைத்தார். முன்னால் போகிற வண்டிக்கு முன்னால்தானே ஆன்டெனா இருக்க வேண்டும்! சர்க்யூட் போர்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவர் சொன்னால் நான் யார் மறுக்க?

டெக்சாஸில் கணீரென்று பேசியது. வடக்கே போகப் போகத் திக்கியது. கனடாவில் பாதி தாண்டியதும் வாயை மூடிக்கொண்டது. இரண்டு இரவுகள் அவர் பொட்டுக்கூடத் தூங்கவில்லை. மறுநாள் வண்டி ரோட்டை விட்டுச் சரளையில் இறங்கி ஏறியது. எனக்கு உயிரே போய் வந்தது. அந்தப் பெரிய வண்டியை எனக்கு ஓட்டவும் வராது. அடுத்து வந்த கேம்ப்கிரவுண்டில் நிறுத்தச் சொன்னேன். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவராகவே சொன்னார். வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டுக் கிளம்பிய பயணம். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திட்டுவதற்கு அந்த ரேடியோதான் கிடைத்தது.

திட்டை வாங்கிக்கொண்டே யோசித்தவருக்கு ஒன்று பிடிபட்டது. சாட்டிலைட் தெற்கே இருக்கிறது. இவ்வளவு வடக்கே வந்துவிட்டதால் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிட்டது. வண்டியின் உடம்பே அதை மறைக்கிறது. உடனே வண்டியின் மூக்கைத் தெற்கே திருப்பி நிறுத்தினார். ரேடியோ பேசியது. சந்தோஷமாகப் போய்ப் படுத்தார். பக்கத்தில் படுத்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டில் வண்டியின் பின்கோடியில் இருந்தது, தலைமாடு பின்சுவரில்.

"இப்ப நம்ம தலை வடக்கே இருக்குங்க."

"Science படிச்சவ பேசற பேச்சா இது?"

"படிச்சேன். ஆனா வடக்கே தலை வெக்க மாட்டேன்."

தலையணைகளைக் கால்பக்கம் மாற்றிப் பார்த்தோம். நடக்க வழி விட்டுக் கட்டிலின் அந்த மூலையை வெட்டியிருந்தார்கள், அவர் தலை அந்தரத்தில் தொங்கியது. அப்போதுதான் எரிச்சலோடு கேட்டேன். "நாம போறது வடக்கே. அது தெற்கே இருக்கு. வழி பூரா அதுக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே போறோம், ஆன்டெனா எதுக்கு முன்னாடி?"

அவர் சட்டென்று எழுந்து முன் சீட்டுக்குப் போனார். பிறகு வண்டியை மறுபடி வடக்கே திருப்பினார். ரேடியோவைக் கட்டிலருகே கொண்டுவந்து, வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பின்பக்க ஏணியில் ஏறினார். ஆன்டெனாவின் அடியில் காந்தம். கூரையோ இரும்பல்ல, ஃபைபர் கிளாஸ். வைக்க வைக்க வழுக்கியது. கனமாக ஏதாவது இரும்பு கொடு என்றார் மேலேயிருந்து.

அந்த வண்டியில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, என் தோசைக்கல். வருடக்கணக்காகப் பழக்கி, ஒட்டாமல் எழும்புகிற கல். அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்ல நிமிர்ந்தேன். சிவந்து கிடந்த அவர் கண்களைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கல்லின் மேல் ஆன்டெனா ஒரு மெதுவடை போல உட்கார்ந்தது. உள்ளே யாரோ ஒருவர் தக்காளிச் செடிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் சண்டை போட்டுவரும் குறட்டை. இருட்டவே இருட்டாத அந்த ஊர் வெளிச்சத்தில், தெற்கே தலை வைத்து, அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அப்பாடா என்றிருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

காலையில் அவரே ஏறிக் கல்லை இறக்கினார். பனியில் நனைந்திருந்தது. முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. அதையும் சாப்பிட்டார்.

"காது எப்படி இருக்கு?"

"இரையுது. ஆனா தூங்கிட்டேன்."

திரும்புகிற பேச்சையே எடுக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார்.

"கல்லைக் கையெட்டற இடத்துல வை," என்றார். "சாயங்காலம் வேணும்."