லீராவில் ஒரு கிடாரம்

வாளி மூடியில் செருகிய வளைகுழாயில் ஒரு குமிழி 'டொப்' என்று வெடித்ததும் புனிதமலர் செபத்தைத் தொடங்குகிறார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி "ஆமென்" என்று முடிப்பதற்குள் அடுத்த குமிழி வெடித்தால், பியர் இன்னும் நொதிக்கிறது என்று பொருள். ஐந்து முறை முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் குழாய் வாய் திறவாதிருந்தால், மேலும் இரண்டு நாள் பொறுத்துப் போத்தலில் அடைக்கலாம். இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், நான்காம் மாடி வீட்டின் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின்மீது அமர்ந்து, வெள்ளை வாளியின்மேல் காதைச் சாய்த்தபடி அவர் இதைச் செய்வார்.

"செபத்தை இதுக்கோ அம்மா பாவிக்கிறது?" என்று மகள் அனிற்றா கேட்பாள்.

"மாதா ஒண்டும் குறைஞ்சு போகமாட்டா. உன்ரை மணிக்கூட்டைவிட அவ நிதானம்."

புனிதமலருக்கு நாற்பத்திரண்டு வயது. மன்னார், பேசாலையைச் சேர்ந்தவர். பலேர்மோவுக்கு வந்த நாள் முதல், ஒன்பது ஆண்டுகளாக, ஒரே முதிய சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துப் பெருக்கிச் சமைத்து வருகிறார். அந்த அம்மையாரின் மகன் ஜெர்மனிக்குத் திரும்பியபோது ஒரு வாளியையும் பியருக்கான மோல்ற் என்னும் வாற்கோதுமைப் பாகு அடைத்த இரண்டு தகரங்களையும் விட்டுச் சென்றான். எறிந்துவிடும்படி சிஞ்ஞோரா சொன்னார். எறிவதற்கு மனம் வராத புனிதமலர், தகரத்தில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளை அனிற்றாவைக் கொண்டு வாசிப்பித்தார். அன்று பிடித்த பித்து, ஐந்தாம் ஆண்டாக, இந்தத் தொண்ணூற்றேழிலும் இறங்கவில்லை.

அவருடைய சாமான்கள் சிலவே. போத்தல்களைக் கணவர் வலன்ரைன், தாம் கோப்பை கழுவும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடலுணவு விடுதியிலிருந்து கொண்டுவருவார். ஒவ்வொரு போத்தலையும் மூன்று முறை கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்த பிறகே புனிதமலர் அடுக்குவார். "மீன் மணம் வந்தால் அது பியர் இல்லை, சொதி" என்பார். மூடி அழுத்தும் சிறு கருவி, சிசிலிக் குடும்பங்கள் ஆவணி மாதத்தில் தக்காளிச் சாற்றைப் போத்தல்களில் அடைக்கப் பயன்படுத்துவது. அதை வுச்சீரியா சந்தையில் ஓர் இரும்புக்கடையில் வாங்கினார். பாகும் சீனியும் தவிர, ஐந்து ஆண்டுகளில் சாமான்களுக்கு அவர் செலவழித்தது ஒரு சோடி நல்ல சப்பாத்தின் விலைக்கு மேற்படாது.

குறை ஒன்றே ஒன்றுதான். பாகைத் தண்ணீருடன் கொதிக்கவைக்க அவரிடம் இருந்தது பஸ்தா அவிக்கும் சிறிய பானை. இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு முறை ஆறவிட வேண்டும். வாரத்தில் அவருக்கென்று இருக்கும் ஒரேயொரு ஞாயிறு பிற்பகல் அடுப்படியிலேயே தீர்ந்துவிடும். அதே இரும்புக்கடை வாசலில், தக்காளி காய்ச்சும் முப்பது லீற்றர்க் கிடாரம் ஒன்று தொங்கியது. விலை அறுபத்தையாயிரம் லீரா. மூன்று மாதங்களில் மூன்று முறை கணவரிடம் கேட்டார்.

"அறுபத்தையாயிரமோ!" என்று வலன்ரைன் மூன்று முறையும் தலையில் கைவைத்தார். "ஒரு பொழுதுபோக்குக்கு அறுபத்தையாயிரமோ, புனிதம்?"

இதற்கிடையில் வலன்ரைனின் தம்பி டெனிஸ்டனையும் அந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது. அவன் மிலானோ நகரத்து விலைப்பட்டியலைப் பார்த்து, தபாலில் எல்லாவற்றையும் வரவழைத்தான்: குழாய் பொருத்திய உருக்குக் கலம், வெப்பமானி, துழாவும் மோட்டார், பட்டுத் துணி விரித்த பெட்டிக்குள், பியரில் மிதக்கவிட்டு அளக்கும் கண்ணாடி அளவுகோல். மொத்தம் ஏழு இலட்சம் லீரா. "புத்தம் புதுச் சாமானை ஏன் கழுவ வேணும்?" என்று கேட்டு, அப்படியே காய்ச்சினான். பியர் வினாகிரியாகப் புளித்தது. குடித்தவர்கள், சாமான் பழகினால் சரிவரும் என்று ஆறுதல் கூறினார்கள். புனிதமலருடைய பியர் தவறியிருந்தால், சாமானையா குறை சொல்லியிருப்பார்கள்?

சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, டெனிஸ்டன் வழக்கம்போல் சீண்டினான்.

"என்ன அண்ணி, உங்கட வாளி என்ன சொல்லுது?"

"என்ரை வாளி கதைக்குது, தம்பி. உம்மடை இரும்புதான் ஊமை."

பக்கத்தில் நின்ற குடும்ப நண்பர் யாக்கோபு சிரித்தார். தம்பி சிறுமைப்படுவதை வலன்ரைன் பொறுக்கவில்லை.

"அவனுக்கு வெக்கைதான் பிரச்சினை. ஒரு பழைய பிரிட்ஜ் எடுத்து அதுக்குள்ளை வைச்சால் எல்லாம் சரி. பாதிக்காசு நான் போடுறன் எண்டு சொல்லிப்போட்டன். ஏழாயிரம் ரூபாய்தானே!"

அந்த 'ரூபாய்' புனிதமலரின் காதில் முள்ளாய்த் தைத்தது. ஓர் இலங்கை ரூபாய்க்கு ஏறத்தாழ முப்பது லீரா. சம்பளம் லீரா, வாடகை லீரா. வெங்காயத்தின் விலையைக்கூட இந்த மனிதர் லீராவில்தான் சொல்லிப் புலம்புவார்.

"இஞ்சாருங்கோ, இஞ்சை எந்தக் கடையிலை ரூபாய் எடுக்கிறாங்கள்?"

"சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னனான்."

"அப்ப என்ரை கிடாரம் அந்தக் கணக்கிலை எவ்வளவு?"

வலன்ரைன் யாக்கோபுவைப் பார்த்தார். புனிதமலரே கணக்கைச் சொன்னார்.

"ரெண்டாயிரத்து இருநூறு! தம்பியின்ரை செலவெண்டால் ரூபாயிலை சுருக்குவியள். என்ரை செலவெண்டால் லீராவிலை ஊதுவியள். ரெண்டு லட்சம் லீராவைத் தூக்கிக் குடுக்கிற வாய்க்கு, அறுபத்தையாயிரம்தான் பெரிசாத் தெரிஞ்சுதோ?"

"அண்ணி, கோவிக்காதேங்கோ" என்று டெனிஸ்டன் குறுக்கிட்டான். "இது ஹொபி. ஹொபிக்கு முதல் போடத்தான் வேணும்."

"அப்ப நான் செய்யிறது என்னவாம்?"

"அது... குசினி வேலைதானே."

யாக்கோபு சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொடுப்புக்குள்ளை சிரிக்காதேங்கோ, யாக்கோபு அண்ணை. நத்தார்ப் பெருநாளுக்கு எட்டுப் போத்தல் கொண்டுபோனியள். குசினி வேலை எண்டோ குடிச்சனியள்?"

ஒன்பது ஆண்டுகளாகப் பிறருடைய அடுப்படியில் நிற்கும் புனிதமலருக்கு, தமக்கென்று விரும்பிச் செய்யும் ஒன்றையும் அந்தக் கூலிவேலையோடு சேர்த்துவிட்டார்களே என்று சினம் மூண்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், சம்பள உறையுடன் நேரே வுச்சீரியாவுக்குச் சென்றார். கடைக்காரர் கொக்கியிலிருந்து கிடாரத்தை இறக்கியபடி, எத்தனை கிலோ தக்காளி என்று கேட்டார். தக்காளிக்கு அல்ல, பியருக்கு என்றார் புனிதமலர்.

"அப்படியா! உங்கள் கணவருக்கா?"

"பெர் மே" என்றார் புனிதமலர். எனக்கு. கடைக்காரர் நிமிர்ந்து பார்க்குமளவுக்கு அந்த இரண்டு சொற்களும் உரத்து ஒலித்தன.

பேருந்து நிறுத்தத்தில் வலன்ரைன் நின்றுகொண்டிருந்தார். தாய் எங்கே போயிருப்பார் என்று அனிற்றாதான் சொல்லியிருக்க வேண்டும். கிடாரத்தைப் பார்த்தார், விலையைப் பற்றி எந்த நாணயத்திலும் வாய் திறக்கவில்லை. பேருந்து வந்து நின்றது.

"பாரம், புனிதம். இஞ்சை தாரும், நான் தூக்கிறன்" என்று கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

புனிதமலர் கிடாரத்தை மற்றப்பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, படியில் ஏறினார்.