கொக்கு காத்த மீன்

தூண்டில் சங்கம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படி இருக்கிறது: "தேர்ந்த நீச்சல் வீரர், கழுகுப் பார்வை கொண்டவர், பூச்சித் தூண்டிலின் நுட்பம் அறிந்தவர், இந்த ஆற்றின் ட்ரவுட் மீன்களை அஞ்சா நெஞ்சுடன் காத்து நின்ற ஆற்றுக் காவலர்."

முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் காவலருக்கு மூச்சு முட்டும். கழுகுப் பார்வை சோடாபுட்டிக் கண்ணாடி வழியாகத்தான் வரவேண்டும். தூண்டிலை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வீசியிருக்கிறார். அன்றைக்குச் சங்கச் செயலாளரின் தொப்பி பறந்துபோய் மரக்கிளையில் மாட்டிக்கொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது, உள்ளே ஏதோ பறவை குடித்தனம் நடத்துகிறது. அஞ்சா நெஞ்சு என்றால், மாட்டைக் கண்டால் பயம், இடியென்றால் பயம், செயலாளரென்றால் மாட்டையும் இடியையும் விடப் பயம். மீன் வாடை அவருக்கு அறவே ஆகாது. மிச்சமிருப்பது "காத்து நின்ற" என்ற இரண்டு சொற்கள். அதில் "நின்ற" என்பதை யாரும் மறுக்க முடியாது.

நின்றதால்தான் கொக்கு என்ற பெயர் வந்தது. ஒல்லிக் கால், நீண்ட கழுத்து, தண்ணீரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாத நிற்பு. ஆற்றுக்கு வருவதற்கு முன் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். கொட்டகை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் ஆறு இல்லை, ஆற்றோரத்து வீடு. காவலருக்கு வீடு இலவசம். தரையோடு தரையாக, ஒரு படி கூட இல்லாத வீடு. அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு படி ஏறுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவள் கணக்கில் கொக்கு அரை ஆள்.

ஆறு அந்தப் பக்கத்தில் பெரிய பேர் வாங்கியது. புழுவை மாட்டி எறியும் தூண்டில் இங்கே ஆகாது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை, நீளக் கோலால் தலைக்கு மேல் தூண்டில் நரம்பைச் சுழற்றி, நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி தண்ணீர்மேல் இறக்க வேண்டும். ட்ரவுட் நம்பி வாயைத் திறந்தால் பிடித்து, கையில் வைத்துப் படம் எடுத்து, திரும்ப விட்டுவிட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை விடுவதற்கு எதற்குப் பிடிக்கவேண்டும் என்று காவலரின் மனைவி கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. சங்கத்திலும் யாரிடமும் இல்லை.

பிறகு மேலே அணை கட்டினார்கள். வெயிலில் காய்ந்த அணைத் தண்ணீரைக் கீழே விட்டார்கள். ட்ரவுட் குளிர்ந்த நீரின் பிள்ளை. சூடு ஏறினால் அதற்கு மூச்சே பாரம். அப்படிப்பட்ட நேரத்தில் தூண்டிலில் மாட்டி இழுபட்டால், விட்டாலும் பிழைக்காது. ஆகவே சங்கம் ஒரு வழக்கம் வைத்திருந்தது. பாலத்தடியில் ஒரு வெப்பமானி தொங்கும். அது கோட்டைத் தாண்டினால் காவலர் பாலக் கம்பியில் சிவப்புத் துணி கட்டவேண்டும். துணி பறக்கும் நேரத்தில் தலைவரே வந்தாலும் நரம்பை வீசக்கூடாது. முன்பெல்லாம் கோடையில் ஓரிரு நாள் பறந்த துணி, இப்போது கோடை முழுக்கப் பறந்து, வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

ஒன்று மட்டும் இருந்தது. பாலத்துக்குக் கீழே, வளைவு தாண்டி, ஒரு பாறைக்கடியில் ஊற்று கசிகிறது. அங்கே ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். அந்தக் கட்டில் அகலத்தில் ஒரு ட்ரவுட், முதுகு கறுத்து, உதட்டில் பழைய தழும்போடு வாழ்ந்தது. வெளியே போனால் வெந்நீர். ஆகவே அது எங்கும் போவதில்லை. நிழலுக்காக ஒதுங்கி நின்ற கொக்குதான் அதைப் பார்த்தார். பிறகு தினமும் போய்ப் பார்த்தார். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்றுதான்: நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

"மீன்கள் தங்கும் இடத்தை எவருக்கும் வெளியிடலாகாது" என்று காவலர் விதிகளில் ஒரு வரி உண்டு. விதிகளிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான். யாரிடமும் பேச வேண்டியதில்லை அல்லவா. மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா? சக்களத்தி சௌக்கியமா?"

"இன்னிக்கு ரெண்டு பூச்சி தின்னுச்சு."

"நான் என்ன தின்னேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

அந்தக் கோடையில் நீர்வளத் துறை சங்கத்துக்குக் கடைசிக் கெடு கொடுத்தது. சட்டப்படி இது "ட்ரவுட் ஆறு". ஆகவே இதன் நீரை முழுவதும் குழாயில் திருப்ப முடியாது. ஆனால் ட்ரவுட் ஆற்றில் ட்ரவுட் இருக்கவேண்டும். துறை ஆய்வாளர் முன்னிலையில், குறித்த நாளில், தூண்டிலில் ஒரே ஒரு காட்டு மீனாவது பிடிபடவேண்டும். பண்ணையில் வளர்த்து விட்ட மீன் செல்லாது. இல்லையென்றால் ஆறு குழாய்க்குள் போகும், காவலர் வீட்டை இடித்து அங்கே பம்பு அறை வரும். கொக்கும் மனைவியும் மச்சான் வீட்டு மாடிக்குப் போகவேண்டும். மச்சான் நல்லவர்தான். கீழே கடையில் ஐஸ் மீன் விற்கிறார். மாடிக்கு ஏறும் படி ஏணியை விடக் கொஞ்சம்தான் மேல்.

"ஏத்தும்போது நாலு ஆளை வச்சு ஏத்திரலாம் மச்சான். அக்கா அப்புறம் எதுக்குக் கீழ எறங்கணும்? எல்லாம் மேலேயே குடுத்துரலாம்" என்று போனில் ஆறுதல் சொன்னார் அவர்.

சோதனைக்கு முந்திய நாள் மனைவி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொக்கு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க?"

"ஒரு மீனைக் காட்டினாப் போதும்னு சொல்றாங்க."

"அதான் உங்க ஆள் இருக்காளே."

"இந்தச் சூட்டுல பிடிச்சா செத்துரும்."

அவள் சிரித்தாள். "அப்ப முடிவு பண்ணிக்கோங்க. அவளா, நானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தைலத்தை மூடிவைத்துவிட்டுப் படுத்தாள். அவர் நின்றபடியே இருந்தார்.

செயலாளரிடம் வேறு திட்டம் இருப்பது அவருக்குத் தெரியும். பண்ணை மீன்களுக்கு முதுகுப்புறச் சின்னத் துடுப்பை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். நறுக்காத மீன்களாகப் பார்த்து வாங்கி, ஒரு டேங்கர் நிறையக் கொண்டுவந்து, செயலாளர் சாயங்காலமே பாலத்தடியில் இறக்கிவிட்டிருந்தார். விதி என்றால் வேதம் என்றிருந்த காவலர், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மோசடி நன்றாக நடக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் அளவுகோல், காலில் கனத்த பூட்ஸ். ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்கள் பூனை மாதிரி நடப்பார்கள். காலடி அதிர்ந்தால் மீன் மறைந்துவிடும். செயலாளர் குனிந்து, வாயில் விரல் வைத்து, திருடன் மாதிரிப் பதுங்கிப் போனார். ஆய்வாளர் தம் பாட்டுக்குத் திம் திம்மென்று கரைக்கு நடந்தார்.

அவ்வளவுதான். ஆறு கொதித்தது. பண்ணையில் காலடிச் சத்தம் கேட்டால் தீனி விழும். மீன்கள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வாயைப் பிளந்துகொண்டு அந்த பூட்ஸை நோக்கி ஓடிவந்தன. ஆய்வாளர் இடது பக்கம் நடந்தார், மீன்களும் நடந்தன. வலது பக்கம் நடந்தார்.

"என்ன சார் இது? மீனா, ஆட்டு மந்தையா?"

"உங்களைப் பாக்க ஆசையா வருதுங்க மேடம்."

ஆய்வாளர் குனிந்து ஒன்றை வெறுங்கையால் எடுத்தார். அது எடுக்க விட்டது. "வாலைப் பாருங்க, தேஞ்சு மழுங்கியிருக்கு. சிமெண்டுத் தொட்டியில உரசி வளர்ந்த மீன்."

"இந்த ஆத்துல கல்லு கொஞ்சம் சொரசொரப்பு மேடம்."

"நான் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நிஜ மீன் இருந்தா காட்டுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதிட்டுப் போறேன்." பாலத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அந்தச் சிவப்புத் துணி பறக்குதே. உங்க விதிப்படி இப்ப வீசவே கூடாது. அது இருக்கிற வரைக்கும் எது பிடிபட்டாலும் நான் கணக்குல எடுக்க முடியாது."

செயலாளர் காவலர் பக்கம் திரும்பினார். அதட்டிப் பழகிய முகத்தில் அன்று அதட்டல் இல்லை. அதுதான் கொக்குக்கு மேலும் பயமாக இருந்தது.

"கொக்கு, உனக்குத் தெரியாம இந்த ஆத்துல ஒரு தவளை கூடக் கிடையாது. ஒண்ணாவது இருக்காய்யா?"

கொக்கு வீட்டுப் பக்கம் பார்த்தார். மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாசலில் படி இல்லை. பிறகு பாலத்துக்குப் போனார். வெப்பமானியைப் பார்க்கவில்லை. துணியின் முடிச்சு வெயிலில் காய்ந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பதைப் பற்றி எல்லோரும் சிரிப்பார்கள். மீன் உயிரோடிருக்கிறது என்று நிரூபிக்க அதைச் சாகடிக்கும் திட்டத்தைப் பார்த்து அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

செயலாளரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேச்சில் கோமாளி, கோலைக் கையில் எடுத்தால் வேறு ஆள். நரம்பு அவர் தலைக்கு மேல் சோம்பல் முறித்து, நீண்டு, பாறையோரம் பழுப்புப் பூச்சியைச் சத்தமில்லாமல் வைத்தது. கறுத்த முதுகு ஒன்று எழுந்தது. உதட்டில் தழும்பு வாங்கிய மீன். ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தது. ஆனாலும் பத்தியத்தில் இருப்பவன் பசிக்கு எதையும் தின்பது மாதிரி அதுவும் தின்றது.

ஊற்று நீரை விட்டு அது வெளியே ஓடியது, வெந்நீருக்குள். அங்கே போய்த்தான் போராடியது. கரைக்கு வந்தபோது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

"துடுப்பு முழுசு. வால் பாருங்க, கத்தி மாதிரி" என்றார் ஆய்வாளர். அவர் குரல் மாறியிருந்தது. "நான் சர்வீஸ்ல இவ்ளோ அழகா ஒண்ணு பாத்ததில்ல." அளந்தார், எழுதினார். செயலாளர் படம் எடுத்துக்கொண்டார். "உயிருடன் விடப்பட்டது" என்ற வரியின் கீழ் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட நேரத்தில் அது உண்மைதான்.

ஏனென்றால் கொக்கு மீனை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. ஊற்றுவரை போனார். மூச்சு முட்டியது, நின்றார். நீரோட்டத்துக்கு எதிராக மீனின் முகத்தைத் திருப்பி, வயிற்றடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். செவுள் திறந்தது, மூடியது.

"விட்டுருய்யா, போயிரும்" என்று கரையிலிருந்து செயலாளர் சொன்னார்.

விட்டார். அது மல்லாந்தது. திரும்பப் பிடித்து நிமிர்த்தினார். ஆய்வாளரின் வண்டி போனது. செயலாளர் சும்மா நின்று பார்த்துவிட்டு, தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டு போனார். செவுள் திறந்து மூடும் இடைவெளி நீண்டது. ஒரு தடவை திறந்தது மூடவில்லை. வெயில் தாழும் வரை கொக்கு அதைப் பிடித்துக்கொண்டே நின்றார், நிற்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை என்பதால்.

வீட்டுக்குள் வந்தபோது மனைவி ஈரத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். வாடைக்கு முகம் சுளிக்கிற ஆள் கையை முகர்ந்துகொண்டு நின்றார்.

"ஏங்க, நான் விளையாட்டுக்குத்தானே கேட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அதற்குப் பிறகு அவள் சக்களத்தி என்ற சொல்லை எடுப்பதில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஆறு இன்றைக்கும் சட்டப்படி ட்ரவுட் ஆறு. பண்ணை மீன்கள் ஒரு வாரம் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்து வெயிலில் செத்து ஒதுங்கின. ஆற்றில் ஒரு ட்ரவுட்டும் இல்லை. அதைப் பிடித்தால் திரும்ப விட்டுவிடவேண்டும் என்று பலகை இருக்கிறது. பலகைக்குக் காவல் இருக்கிறது. காவலர் காலையில் வெப்பமானி பார்த்து, கோடு தாண்டியிருந்தால் துணி கட்டுகிறார். சங்கம் புதுத் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறது, நல்ல சிவப்பு. வளைவு தாண்டி அவர் போவதில்லை.

பாராட்டுப் பத்திரத்தை மனைவி சுவரில் மாட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஊரார் கேட்டால், ஆணி இல்லை என்கிறாள்.

அவர் செய்தது இதுதான். துணியை அவிழ்த்தார். மீன் இருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினார்.