குளிர்சட்டை கிடைக்காதவர்

சவூதியில், அல் கோபாரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், வெயிலில் உழைப்பவர்களுக்காக ஒரு குளிர்சட்டை செய்தோம். கையில்லாத கோட்டு மாதிரி இருக்கும். அதன் உள்பைகளில் மெழுகு போன்ற ஒரு பொருளை உறைய வைத்திருப்போம். அது மெல்ல உருகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். போன கோடையில் ஒரு கட்டட சைட்டில் அதைச் சோதித்தோம். சம்மதித்தவர்களில் பாதிப் பேருக்குச் சட்டை, மீதிப் பேருக்கு வழக்கமான யூனிபார்ம் மட்டும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. எல்லோர் கையிலும் இதயத் துடிப்பை அளக்கும் பட்டை இருந்தது.

சட்டை கிடைக்காதவர்களில் ஒருவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிறவர். நான் திருச்சி என்று தெரிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், நம்ம பக்கத்து ஆளு நீங்க. எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்களேன்.”

“அப்படி மாத்த முடியாதுண்ணே. போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாதான் இது வேலை செய்யுதான்னு தெரியும்.”

“அப்ப நாங்க சும்மா வேகணுமா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். ஊர்க்காரர் என்று சலுகை காட்டாமல் நடந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

புழுக்கம் தாங்க முடியாத ஒரு நாள், மதிய ஓய்வு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். நான் ஏசி ஓடும் காரில் லேப்டாப்பைப் பார்த்தபடி இருந்தேன். அரியலூர்க்காரரின் துடிப்புக் கோடு ஏறத் தொடங்கியது. சட்டை போட்டவர்களின் கோடுகள் கீழேயே கிடந்தன. வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டிய எல்லை ஒன்று வைத்திருந்தோம். அதை அவர் கோடு இன்னும் தொடவில்லை. எனக்கு அப்போது வந்தது பயமில்லை, சந்தோஷம். இத்தனை மாத உழைப்புக்குப் பலன் தெரிகிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஃபோர்மேன்.

“பாய், ஜல்தி! ஜல்தி!”

கம்பிகளுக்கு நடுவே அரியலூர்க்காரர் சரிந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. நிழலுக்குத் தூக்கி வந்து தண்ணீரை ஊற்றினோம். சட்டையில் உருகியதும் மாற்றுவதற்கென்று ஐஸ் பெட்டியில் இருந்த மெழுகுப் பைகளை எடுத்து அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை பைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். எங்கள் பேராசிரியர் அன்றே ஒப்பீட்டை நிறுத்தி, எல்லோருக்கும் சட்டை கொடுக்கச் சொன்னார். “விதிப்படிதான் நடந்திருக்கிறாய்” என்று என்னையும் தேற்றினார். அந்தக் கோட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். “முதல்ல போய் அவரைப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

பழம் வாங்கிக்கொண்டு, அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“என் பேரு ஏன் சார் அந்தப் பக்கம் விழுந்துச்சு?”

“கம்ப்யூட்டர் குலுக்கினதுண்ணே.”

“ம். நம்ம ராசி.” நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “டீ குடிக்கிறீங்களா?” என்று எழுந்துவிட்டார்.

சோதனை வெற்றி என்றே முடிந்தது. கம்பெனி அந்த சைட்டுக்குச் சட்டைகள் வாங்கியது. அதற்குள் அவர் லீவில் ஊருக்குப் போய்விட்டார். பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்து, கோடையிலும் மழை தூறும் ஓமானின் சலாலாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன்.

“அண்ணே, உங்களுக்கு ஒரு சட்டை அனுப்பட்டுமா?”

“இங்க ஒரே தூறல் சார், குளிருது. ஸ்வெட்டர் இருந்தா அனுப்புங்க” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

என்னால் அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.