வீடியோ போட்டா மட்டும் துடிக்குது

கம்பியூட்டர் ரிப்பேர் தொழில்ல, அடியோட செத்துப்போன மெஷின் ஒரு தொல்லையே இல்ல. எல்லாம் நல்லா இருந்துக்கிட்டு வீடியோ போட்டா மட்டும் துடிக்குது பாருங்க, அதுதான் நம்ம உயிரை வாங்கும். மாத்தளை டவுன்ல சின்னதா ஒரு கடை வச்சுக்கிட்டு, இதோட மல்லுக்கட்டாத வாரமே எனக்கு இல்ல. கடுதாசி அடிச்சா ஒண்ணும் தெரியாது. பாட்டோ பாடமோ கிரிக்கெட்டோ ஓட ஆரம்பிச்சதும் படம் வெட்டி வெட்டி வரும். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம். திரையில படத்தை எப்படிக் காட்டணும்னு கம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிற சின்ன சாஃப்ட்வேர் அது. நம்மளைக் கேக்காமலே அப்டேட் ஆகி, பழைய மெஷினுக்குச் சேராத புதுசு ஒண்ணை ஏத்தி வச்சிடும். கண்ணைக் கசக்கிக்கிட்டே இந்தத் துடிப்பைப் பாத்திருக்கீங்கன்னா நீங்களும் எனக்குச் சொந்தக்காரங்கதான்.

பெட்டி மட்டும் வரும்

எங்க பக்கத்துல கம்பியூட்டர் பழுதுன்னா சிபியு பெட்டியை மட்டும்தான் தூக்கிட்டு வருவாங்க. மொனிட்டரைக் கொண்டு வர்ற பழக்கம் யாருக்கும் இல்ல. அலுவிகாரையில துணிக்கடை வச்சிருக்க ஹாஜியாரும் அப்படித்தான், பெட்டியை மடியில வச்சுக்கிட்டு த்ரீவீல்ல வந்து இறங்கினார். கிரிக்கெட் பாக்கிறப்ப துடிக்குதாம். நான் என் மொனிட்டர்ல மாட்டி, வழக்கமா சோதிக்கிற அருவி வீடியோவைப் போட்டேன். தண்ணி அழகா விழுந்துச்சு. ஒரு குறையும் இல்லைன்னு அனுப்பி வச்சேன். மத்தியானம் போன் வந்துச்சு, துடிக்குதாம்.

இப்படியே மூணு தடவை வந்துட்டுப் போனார். நடுவுல வயரை மாத்தினார், பிளக்கை மாத்தினார், கரண்ட்காரரைக் கூப்பிட்டு வீட்டு வயரிங்கையே பாக்கச் சொன்னார். கடைசியில நானே போய்ப் பாத்தா, மனுஷன் மொனிட்டருக்குப் பதிலா சுவர் அகலத்துக்கு ஒரு டீவியை மாட்டி வச்சிருக்கார். அவ்வளவு பெரிய திரைக்குப் படம் அனுப்புறப்பதான் டிரைவர் திணறுது, என் சின்ன மொனிட்டர்ல அந்தப் பழுது எந்தக் காலத்துல தெரியப் போகுது? டிரைவரைக் கழட்டிப் பழசைப் போட்டதும் சரியாயிடுச்சு. தேத்தண்ணி குடுத்தார், ஆனா முகத்துல சந்தேகம் போகலை.

“ஒங்கட கடைக்கு வந்தா மரியாதையா ஈக்கிது தம்பி, எங்கட ஊட்டுக்கு வந்தாத்தான் பேயாடுது.”

நாவுலைக்கு ஒரு பயணம்

அதுக்கப்புறம் ஒரு சட்டம் போட்டேன். பெட்டியைச் சுமந்துக்கிட்டு வர வேணாம், துடிக்கிறதைப் போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன். பெரிய மூளைசாலின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

முதல் வீடியோ நாவுலையில உரக்கடை வச்சிருக்க முதலாளிகிட்டருந்து வந்துச்சு. திரை முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையா மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு. பாத்ததும் நானே பயந்துட்டேன். கடையைப் பூட்டிட்டு பஸ்ல தொங்கிக்கிட்டு நாவுலைக்குப் போனேன். போய்ப் பாத்தா மொனிட்டர் கண்ணாடி மாதிரி இருக்கு. போன் கேமராவால பாத்தாத்தான் பட்டை ஓடுது, அதைப் பாத்துத்தான் மனுஷனும் மிரண்டிருக்கார். எந்தத் திரையைப் போன்ல எடுத்தாலும் அப்படித்தான் சில நேரம் வரும், கேமராவோட வேகமும் திரையோட வேகமும் ஒத்துப் போகாது. இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் அத்தனை தூரம் போயிருக்கேன். முதலாளிக்கு நிதானமா விளக்கினேன். அவரும் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, போனை என் கையில வச்சார்.

“அப்ப மொனிட்டர் நல்லாத்தான் இருக்கு, வந்ததோட வந்தீங்க, இந்தப் போனைச் சரியாக்கிக் குடுத்துட்டுப் போங்க.”

வில்கமுவையிலருந்து வந்த வீடியோ

நாவுலைக்குப் போய் வந்த கடுப்புல ஒரு பதிலை எழுதி வச்சுக்கிட்டேன். பட்டை ஓடுற வீடியோ யார் அனுப்பினாலும் அதையே தட்டி விடுவேன்: “அது போன் கேமராவோட வேலை, உங்க மொனிட்டர் நல்லா இருக்கு.” கூடவே ஒரு கட்டை விரல். சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தக் கட்டை விரல் எனக்கு எத்தனை பஸ் பயணத்தை மிச்சம் பிடிச்சுக் குடுத்துச்சு.

வில்கமுவையிலருந்து தர்ஷினின்னு ஒரு பிள்ளை வீடியோ அனுப்பியிருந்துச்சு. யுனிவர்சிட்டி போறதுக்கு எழுதுற ஏ.எல். பரீட்சைக்குப் படிக்குதாம். மாத்தளைக்கு டியூஷன் வந்து போக பஸ் வசதி இல்லாததால, மாஸ்டர் ரெக்கார்ட் பண்ணி அனுப்புற கெமிஸ்ட்ரி பாடத்தை வீட்டுக் கம்பியூட்டர்லதான் பாக்குதாம். பாடம் ஓடும்போது துடிக்குது, தலை வலிக்குதுன்னு எழுதியிருந்துச்சு. நான் பட்டையைப் பாத்தேன், பதிலைத் தட்டினேன், கட்டை விரலையும் வச்சேன். உடனே திரும்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. படிச்சேன். அந்த நேரம் பாத்து கடைக்கு ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பாப்போம்னு வச்சேன். புது மெசேஜ் வர வர அது கீழ போய்க்கிட்டே இருந்துச்சு, நானும் மறந்துட்டேன். வேணும்னு விடலை, ஆனா விட்டது நான்தான்.

“போன்ல மட்டும் இல்ல அண்ணா, என் கண்ணுக்கும் தெரியுது.”

விக்க வந்தாங்க

ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் ஒரு அம்மாவும் மகளும் பெட்ஷீட்டுல சுத்தின மூட்டையோட கடைக்குள்ள வந்தாங்க. பெட்டி, மொனிட்டர், கீபோர்ட் எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. மகள் தடிச்ச கண்ணாடி போட்டுக்கிட்டு மூட்டை பக்கத்துலயே நின்னுச்சு. அம்மா வில்கமுவையில நீர்ப்பாசன ஆபீஸ்ல கிளார்க். கம்பியூட்டரை விக்கணும், பாத்து ஒரு விலை சொல்லுங்கன்னாங்க.

விலைக்கு முன்னால கதை வந்துச்சு. மகளுக்கு கெமிஸ்ட்ரியில எஸ் தான் கிடைச்சிருக்கு. எஸ்னா பாஸ்தான், ஆனா அதை வச்சுக்கிட்டு கம்பஸ் வாசலை மிதிக்கிறது கஷ்டம். ரெண்டாந்தடவை எழுதுறேன்னு மகள் கேக்குது, அப்ளிகேஷன் போடுற கடைசி நாளும் கிட்ட வந்துடுச்சு. அம்மா முடியாதுன்னுட்டாங்க. தம்புள்ளையில ஒரு ஃபார்மசியில வேலைக்குச் சொல்லி வச்சாச்சாம். ஏன்க்கா, பிள்ளை ஆசைப்படுதே, இன்னொரு தடவை எழுதட்டுமேன்னு கேட்டேன். அவங்களும் அலுத்துப் போய்த்தான் இருந்தாங்க.

“தலைவலின்னுச்சு, கண் டாக்டர்கிட்ட காட்டி கண்ணாடியும் வாங்கிக் குடுத்தேன், இப்பவும் புத்தகம் படிச்சா வலிக்காதாம், பாடம் பாத்தா மட்டும் வலிக்குதாம், படிக்க மனசில்லாத பிள்ளைக்கு சாக்குக்கா பஞ்சம் தம்பி?”

அருவியில தெரியாதது

விலை சொல்லணும்னா ஓட விட்டுப் பாக்கணும். அவங்க மொனிட்டரையே மாட்டி அருவியைப் போட்டேன். தண்ணி சுத்தமா விழுந்துச்சு. நல்ல மெஷின்தான்க்கான்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் அந்தப் பிள்ளை முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. “அதுல வராதுண்ணா, என் பாடத்தைப் போடுங்க.”

பிரவுசர்ல பாடத்தைத் திறந்து திரை முழுசுக்கும் பெருசாக்கினேன். மாஸ்டரோட போர்டு வெட்டு வெட்டுன்னு வெட்டிச்சு. ரெண்டு நிமிஷம் பாத்ததுக்கே எனக்கு நெத்தி விண்ணுன்னுச்சு. அம்மா பாக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. என் அருவி வேற பிளேயர்ல ஓடுறதால அதுல இந்தப் பழுது வரவே வராது. வில்கமுவை, கெமிஸ்ட்ரி, தலைவலி எல்லாம் அப்பதான் எனக்கு ஒண்ணாச் சேந்துச்சு. பிள்ளை பேரைக் கேட்டேன். தர்ஷினின்னுச்சு.

டிரைவரைச் சுத்தமாக் கழட்டி, அந்த மெஷினுக்குச் சேர்ற பழசைப் போட்டு, தானா அப்டேட் ஆகாம நிப்பாட்டினேன். அரை மணித்தியாலம்கூட ஆகலை. ஒரு வருஷமா அந்தப் பிள்ளை தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததுக்கு மருந்து இவ்வளவுதான். திரும்பப் பாடத்தைப் போட்டேன். போர்டு அசையாம நின்னுச்சு, மாஸ்டர் எழுதின சமன்பாட்டை எழுத்து எழுத்தா வாசிக்க முடிஞ்சுச்சு. தர்ஷினி கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு வார்த்தை என்னைக் குத்திக் காட்டலை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அவ்வளவு வெக்கமாப் போச்சு.

“அக்கா, பிள்ளை இதைப் போன வருஷமே எனக்கு எழுதிச்சு. கேமரான்னு சொல்லி விட்டது நான். அது சாக்குச் சொல்லலை, என்மேலதான் பிழை”ன்னேன். அம்மா என்னை ஏசுவாங்கன்னு நின்னேன். அவங்க என் பக்கம் திரும்பவே இல்ல. மகள் பக்கம்தான் திரும்பினாங்க. “அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னைக்குன்னு சொன்னே?”ன்னு மெதுவாக் கேட்டாங்க. வெள்ளிக்கிழமைன்னுச்சு பிள்ளை. அம்மா விலையைக் கேக்காமலே பெட்ஷீட்டை எடுத்து மேசை மேல விரிச்சாங்க.

“சீக்கிரம் கட்டிக் குடுங்க தம்பி, மூணு மணி பஸ்ஸை விட்டா எங்களுக்கு இன்னைக்கு வேற பஸ் இல்ல.”

இப்பெல்லாம் துடிக்குதுன்னு யார் வீடியோ அனுப்பினாலும் சரின்னு கிளம்பிடுறேன், பாதிப் பேருக்கு அது வெறும் கேமராதான்னு தெரிஞ்சும்.